கொடையாளர் மனாசே மேயர்

தோட்டத்துக் கோயிலில் திருப்பணி நடந்தால் நன்கொடைப் பலகை ஒன்று வைப்பது வழக்கம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று அதில் படிக்கிறோம். அந்தப் பணம் எப்படி வந்தது, யாருக்குப் பயன்பட்டது என்ற இரண்டையும் பலகை சொல்வதில்லை. இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய கொடையாளரின் வாழ்க்கையை இன்று பார்ப்போம். அவர் பெயர் மனாசே மேயர். சிங்கப்பூரில் வாழ்ந்த யூத வணிகர்.

யூதர் என்றால் நமக்குத் தொலைவான மக்கள் என்று எண்ண வேண்டாம். பினாங்கு நாகூர் ரோட்டில் 1929 முதல் 1976 வரை அவர்களுடைய தொழுகைக் கூடம் இருந்தது. அவர்களுடைய பழைய இடுகாடு ஜாலான் சைனால் அபிடினில் இருக்கிறது. அந்தச் சாலைக்கு முன்பு யாஹுடி ரோடு, அதாவது யூதர் சாலை, என்றே பெயர்.

19ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்து யூதர் பலர் பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களில் குடியேறினர். நம் முன்னோர் கப்பலேறியதும் அதே நூற்றாண்டில்தான். அவர்கள் கங்காணியின் பின்னால் கடனோடு வந்தார்கள். இவர்கள் வணிகத்துக்கு வந்தார்கள்.

மேயர் 1840களில் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தவர். 1861இல் சிறுவனாகச் சிங்கப்பூருக்கு வந்து செயிண்ட் ஜோசப் பள்ளியில் படித்தார். பிறகு கல்கத்தாவிலும் ரங்கூனிலும் தொழில் பழகினார். 1873இல் திரும்பி வந்து, தம் சகோதரரோடு சேர்ந்து மேயர் பிரதர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவோடு நடந்த அந்த வணிகத்தில் அபினியும் ஒரு சரக்கு. பிறகு நிலமும் கட்டடங்களும் ஓட்டல்களும் வாங்கிச் சேர்த்தார். சிங்கப்பூரின் பெருஞ்செல்வர்களில் ஒருவரானார்.

அபினி வணிகம் அன்று சட்டத்துக்கு உட்பட்டதே. நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஒரு காலத்தில் அபினியிலிருந்து வந்தது. அதைப் புகைத்தவர் யார்? பெரும்பாலும் சீனத் தொழிலாளர். பேராவில் பீடோர், தாப்பா, கம்பார் என எங்கெல்லாம் ஈயம் தோண்டப்பட்டதோ அங்கெல்லாம் அபினியும் வந்தது. சுரங்க முதலாளியே அதைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உழைத்த கூலி உழைத்த இடத்திலேயே கரைந்தது.

இனி, மேயர் கொடுத்ததைப் பார்ப்போம். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1878இல் திறக்கப்பட்ட மகாயின் அபோத் தொழுகைக் கூடம் எழும்ப அவரே முன்நின்றார். 1905இல் தம் வீட்டருகே செசெட் எல் என்ற இன்னொரு கூடத்தைக் கட்டினார். யூதர் கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அந்த எண்ணிக்கை குறையாமல் இருக்க, ஏழை யூதர்களுக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார் என்பார்கள். 1922இல் விஞ்ஞானி ஐன்ஸ்டீன், எருசலேமில் அமையவிருந்த பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டச் சிங்கப்பூரில் இறங்கியபோதும் மேயரின் உதவியையே நாடினார்.

இவை பெரும்பாலும் தம் இனத்தாருக்குச் செய்தவை. ஆனால் ராஃபிள்ஸ் கல்லூரி அமைக்க அவர் கொடுத்த 1,50,000 வெள்ளி எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1929இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1930இல் காலமானார்.

அந்தக் கல்லூரியில் மலாயாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் போய்ப் படித்தார்கள். நம் நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் அவர்களில் ஒருவர். 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. கோலாலம்பூரில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகம் அந்த மரபில் வந்ததுதான். தோட்டத்துப் பிள்ளைகளும் அதில் படித்து மருத்துவராகவும் ஆசிரியராகவும் வெளிவந்திருக்கிறார்கள்.

அப்படியானால் மேயரை எப்படி மதிப்பிடுவது? அபினியை நினைத்து அவர் கொடையை இகழ வேண்டியதில்லை. கொடையை நினைத்து அபினியை மறக்கவும் கூடாது. சம்பாதித்ததில் ஒரு பங்கைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்காத செல்வர்கள் எத்தனையோ பேர். அவர் கொடுத்தார், அதற்குரிய மரியாதை அவருக்கு உண்டு. அவருடைய முதலைப் பெருக்கியதில், எந்தப் பலகையிலும் பெயரில்லாத சுரங்கத் தொழிலாளிக்கும் பங்கு உண்டு. தன் கூலியைப் புகையாக ஊதித் தீர்த்த அவனும், தான் அறியாமலே, அந்தக் கல்லூரிக்குக் கொடுத்தவன்தான்.

நேயர்களே, நம் பிள்ளை பல்கலைக்கழகப் படியேறும் நாளில், கட்டடத்தில் பெயருள்ளவருக்கு நன்றி சொல்லட்டும். பெயரில்லாதவரையும் நினைத்துக்கொள்ளட்டும். தாத்தாவும் பாட்டியும் பால்மரக் காட்டில் உழைத்த குடும்பத்துக்கு, அந்த இரண்டாவது நன்றியைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.