திருப்பூர் பின்னலாடைச் சிறு, நடுத்தர நிறுவனங்களின் நிதிநிலை

திருப்பூரில் ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரைக்குள் உருவாவதில்லை. கம்பெனி நூலை வாங்கி நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என ஒவ்வொரு வேலையையும் ஜாப் ஒர்க் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. தையலில் ஒரு பகுதி பவர்டேபிள் எனப்படும் சிறு கூடங்களுக்குப் போகும். சரக்கு கப்பலேறி, பையரிடமிருந்து, அதாவது வெளிநாட்டுக் கொள்முதலாளரிடமிருந்து, பணம் வந்த பிறகே ஜாப் ஒர்க் பில்களைத் தீர்ப்பது பரவலான வழக்கம். எனவே இங்கே ஒரு நிறுவனம் நிற்பதும் விழுவதும் ஆர்டரின் அளவைவிட, போட்ட பணம் திரும்ப எத்தனை நாளாகிறது என்பதைப் பொறுத்தது.

ஏற்றுமதி விலை ஆர்டர் எடுக்கும்போதே பேசி முடிக்கப்படுகிறது. அதன்பின் நூல் விலை ஏறினால் பையர் கூட்டித் தருவது அரிது. ஏற்றம் கம்பெனியின் தலையில் விழும். அதே எடை நூலுக்குக் கூடுதல் பணம் தேவைப்படுவதால் வங்கிக் கடன் வரம்பும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. 2021-22இல் இப்படித்தான் நெருக்கடி முற்றியது. 2022 மே மாதம் நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூரில் உற்பத்தி நிறுத்தம் நடந்தது.

சாயப்பட்டறைகளின் கணக்கு வேறு. நொய்யல் ஆற்று மாசு வழக்கில், கழிவுநீரே வெளியேறாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்து, எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வடிக்கும் செலவு இன்று சாயக்கூலியில் பெரும் பங்கு. ஆற்றைப் பாழாக்கிச் சேர்த்த பழைய லாபத்தை உண்மையான லாபமாகக் கொள்ள முடியாது.

மின்சாரத்தின் நிலைக்கட்டணம், ஆர்டர் இல்லாத மாதத்திலும் உண்டு. ஆர்டரோ வெளிநாட்டு முடிவுகளாலும் குறையலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது, அந்நாட்டு பையர்களையே நம்பியிருந்த கம்பெனிகளைத் தாக்கியது.

பில் நிலுவைக்குச் சட்டத்தில் மருந்து உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டுவட்டி. ஆனால் அடுத்த ஆர்டரும் அதே கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும் என்பதால் புகார் கொடுக்கத் தயங்குவோரே அதிகம். 2023-24 நிதியாண்டு முதல், கெடுவுக்குள் தராத தொகையை, கொடுத்துத் தீர்க்கும் ஆண்டுவரை வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இந்த வரிவிதி நடுத்தர நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கிக்குப் பொருந்தாது.