நெஞ்சு துடிக்குதே சார்?



சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, பழைய மாணவன் ஒருவன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். அவனுடைய மச்சான் பைக்கிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. "மூளைச்சாவுன்னு சொல்றாங்க சார். உறுப்பு தானம் பண்றீங்களான்னு கேக்கறாங்க. நான் நெஞ்சுல கை வெச்சுப் பாத்தேன், துடிக்குது. துடிக்கிற ஆளை எப்படி சார் செத்துட்டார்னு சொல்றது?" என்று அழுதான். இத்தனை வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்த எனக்கு அப்போது பதில் வரவில்லை. "டாக்டர் சொல்றதைக் கேளுப்பா" என்று மட்டும் சொன்னேன். வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை, மறுத்துவிட்டார்கள். மறுநாள் இதயமும் நின்றுவிட்டது.

போன வாரம் வாசலூர்பட்டிக்கு என்னைப் பார்க்க வந்தவன், "நாங்க தப்புப் பண்ணிட்டமா சார்?" என்று கேட்டான். அவனுக்காகத் தேடிப் படித்ததை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். அவன் கேட்ட கேள்வியை நம் நாடே பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது.

1967 டிசம்பர் 3. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகில் முதல்முறையாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். நோயாளி 18 நாள் உயிர் வாழ்ந்தார். அடுத்த மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1968 பிப்ரவரியில் நம் நாட்டிலும் அது நடந்தது. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் செய்தார். உலகில் நடந்த ஆறாவது இதய மாற்று அது. பல ஆண்டுகள் நாய்களிடம் பரிசோதித்துக் கைப்பழக்கம் பெற்றவர் அவர். ஆனால் நோயாளி சில மணி நேரத்தில் இறந்துபோனார். அதே ஆண்டு செய்த இரண்டாவது அறுவை சிகிச்சையும் ஒரு நாளைத் தாண்டவில்லை.

அதன் பிறகு இந்தியாவில் அடுத்த வெற்றிச் செய்தி வர 1994 ஆகிவிட்டது. 26 வருடம்! நம் டாக்டர்களுக்குக் கைத்திறமை இல்லாததா காரணம்? இல்லை. 1975-லேயே சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்துவிட்டார். குறை வேறு இரண்டு இடங்களில் இருந்தது.

ஒன்று, மருந்து. நம் உடம்பு வேற்று இதயத்தை எதிரியாக நினைத்துத் தாக்கும். 1968-ல் உலகம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட இதய மாற்றுகள் நடந்தன, பெரும்பாலானவர்கள் விரைவில் இறந்தார்கள். பல மருத்துவமனைகள் கைவிட்டுவிட்டன. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் டாக்டர் நார்மன் ஷம்வே போன்ற சிலர் மட்டும் விடாமல் ஆராய்ந்தார்கள். பிறகு நார்வே நாட்டு மலைப் பகுதி ஒன்றின் மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. 1983-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இதய மாற்று நிலைத்து நின்றது அதன் பிறகுதான்.

இரண்டு, சட்டம். இதயம் நின்றால்தான் மரணம் என்று இருந்தவரை, துடிக்கும் இதயத்தை யாரிடமிருந்தும் எடுக்க முடியாது. 1968-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று மூளைச்சாவை வரையறுத்தது. நம் நாட்டில் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கு 1994 ஜூலையில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பி. வேணுகோபால் இதய மாற்றை வெற்றிகரமாகச் செய்தார். சட்டம் வந்த ஒரு மாதத்துக்குள்! கைகள் தயாராகத்தான் இருந்தன. 1995-ல் சென்னையிலும் நடந்தது.

இப்போது நம் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். அறிவியல் ஆய்வகத்தில் தவளையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். இதயத்தைத் தனியே எடுத்து வைத்தாலும் கொஞ்ச நேரம் துடிக்கும். துடிக்கச் சொல்லும் மின்சாரம் இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது, மூளையின் உத்தரவு அதற்குத் தேவையில்லை. ஆனால் மூச்சு விட மூளை வேண்டும். மூளை முழுதும் செத்துவிட்டால் மூச்சு நின்றுவிடும். வென்டிலேட்டர் காற்றை ஊட்டுவதால் இதயம் சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கோமா வேறு, இது வேறு. கோமாவிலிருந்து சிலர் மீள்வார்கள். மூளைச்சாவிலிருந்து மீள முடியாது. அதனால்தான் சட்டப்படி நான்கு டாக்டர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று செய்யும் குழுவினர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரான அதிசயம் ஒன்றும் உண்டு. நாடித்துடிப்பே தெரியாமல் நடமாடும் மனிதர்கள் இருக்கிறார்கள்!

தானமாகக் கிடைக்கும் இதயங்கள் எப்போதும் குறைவு. காத்திருக்கும்போதே பலர் இறந்துவிடுவார்கள். அதனால் டாக்டர்கள் இயந்திர பம்புகளைத் தேடினார்கள். 1969-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் டாக்டர் டென்டன் கூலி, ஒருவருக்குச் செயற்கை இதயம் வைத்து, மாற்று இதயம் கிடைக்கும்வரை சுமார் 64 மணி நேரம் காப்பாற்றி வைத்திருந்தார். மாற்று இதயம் பொருத்திய பின் அந்த நோயாளி அதிக நாள் வாழவில்லை. 1982-ல் ஜார்விக் 7 என்ற செயற்கை இதயத்தோடு ஒருவர் 112 நாள் வாழ்ந்தார். இவையெல்லாம் நம் பழைய ஏற்றம் மாதிரி, இறைத்து இறைத்து ஊற்றுபவை. உருவம் பெரியது.

டாக்டர் ரிச்சர்டு வாம்ப்ளர் என்பவர் எகிப்துக் கிராமம் ஒன்றில், திருகாணி போன்ற சாதனத்தைச் சுழற்றி மக்கள் தண்ணீர் ஏற்றுவதைப் பார்த்தார். ரத்தத்தையும் இப்படி ஏற்றலாமே என்று தோன்றியது. அதிலிருந்து ஒரு சிறிய பம்ப் பிறந்தது. 1988-ல் டாக்டர் பட் பிரேசியர் அதை முதல்முறை நோயாளிக்குப் பயன்படுத்தினார். இன்றைய இதய பம்புகள் நம் தோட்டத்து நீர்மூழ்கி மோட்டார் மாதிரி இடைவிடாமல் சுழல்கின்றன. இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தத்தை எடுத்து மகாதமனிக்குத் தள்ளுகின்றன. வயிற்றுத் தோல் வழியாக ஒரு வயர் வெளியே வரும், அதில் பேட்டரி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, வயர் வரும் இடத்தில் கிருமி சேராமல் கவனம், இவை எப்போதும் வேண்டும். ஓட்டம் சீராக இருப்பதால் பலருக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது.

சென்னையில் இந்தத் துறையில் முன்னோடி டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன். 2019-ல் கராச்சியிலிருந்து வந்த ஒரு சிறுமிக்குச் சென்னையில் இதய பம்ப் பொருத்தப்பட்டது. பின்னர் அதில் சிக்கல் வந்தது. 2024-ல், 19 வயதில், அவருடைய குழுவே அந்தப் பெண்ணுக்கு மாற்று இதயம் பொருத்தியது. டெல்லியில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் அது. பம்ப் காலத்தை வாங்கித் தந்தது. முடித்து வைத்தது முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் சம்மதம்.

அந்தச் சம்மதத்தைத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஒரு டாக்டர் தம்பதி. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவன் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போலீஸ் வழியமைத்த சாலையில் சில நிமிடங்களில் போய், ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. வெளியே எடுத்த இதயம் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும் என்பதால் அந்த ஓட்டம். 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்திருக்கிறார்.

என் மாணவனே, நீ தப்புச் செய்யவில்லை. நள்ளிரவில், அழுகைக்கு நடுவில், முதன்முதலாகக் கேள்விப்படும் ஒரு விஷயத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நாடாளுமன்றத்துக்கே அவ்வளவு காலம் பிடித்தது. குறை என்னுடையது. வகுப்பில் எத்தனையோ போர்களைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் பேசிவிடுங்கள். "எனக்கு அப்படி ஆனால் கொடுத்துவிடுங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ உங்கள் விருப்பத்தைச் சொல்லி வையுங்கள். அந்த ஒரு வார்த்தை, முடிவெடுக்கப் போகிறவர்களின் பாரத்தைப் பாதியாகக் குறைக்கும். நான் என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், கொடுக்கச் சொல்லி.

ஆடிப் பதினெட்டுக்கு நாம் விழா எடுக்கும் வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் ஆண்ட மலை இது. மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், 70 கொண்டை ஊசி வளைவிலும் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். அதுதான் எனக்கு நீங்கள் தரும் குருதட்சணை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர், வாசலூர்பட்டி