ஆறு புள்ளிகள்

வெளிமாநிலங்களில் குடியேறிய நாம் முதலில் கற்றுக்கொள்வது பேருந்தின் நெற்றியில் எழுதியுள்ள ஊர்ப்பெயரைத்தான். தில்லியில் ஒரு லிபி, கொல்கத்தாவில் மற்றொன்று, அகமதாபாத்தில் வேறொன்று. படித்தவர்களாகிய நாமே சில திங்கள் எழுத்தறியாதவர்களாக நிற்கிறோம். இத்தொல்லை அவ்வளவாக இல்லாத வாசகரும் இந்நாட்டில் உளர். அவர்கள் விரலால் படிப்பவர்கள்.

லூயி பிரெயில் 1809ஆம் ஆண்டில் பாரிசுக்கு அருகே கூப்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சேணம் தைப்பவர். மூன்று வயதில், பட்டறையில் விளையாடிய குழந்தையின் கண்ணில் கூரிய கருவி பாய்ந்தது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவி ஒளி முற்றும் அவிந்தது. பாரிசுப் பள்ளியில் அவர் பயின்ற நாளில், சார்ல்ஸ் பார்பியே என்பார் தொட்டுப் படிக்கும் பன்னிரு புள்ளி முறையைக் கொணர்ந்தார். ஒரு குறியை அறிய விரல் மேலும் கீழும் அலைய வேண்டியிருந்தது. பிரெயில் அதனை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். விரல் நுனிக்குள் ஓர் எழுத்து அடங்கிற்று. அப்போது அவருக்கு வயது 15. பார்வையுள்ள ஆசிரியர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தம் கண்ணுக்கு விளங்காததை மாணவர் படிப்பதா என்ற எண்ணம் போலும்! ஒரு காலத்தில் பள்ளியில் இது தடுக்கப்பட்டது. மாணவர் மறைவாகப் பயின்றனர். 1852இல் பிரெயில் மறைந்தார். பிரான்சு அம்முறையை ஏற்றது 1854இல்.

ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒரே முறைக்கு இணங்க 1932 வரை ஆயிற்று. இந்தியாவில் முதற்பள்ளி 1887இல் அமிருதசரசில் தோன்றிற்று. பின்னர் மாகாணந்தோறும் தனித்தனிப் புள்ளிமுறைகள் முளைத்தன. ஓரிடத்தில் அச்சிட்ட நூல் வேறிடத்தில் பயன்படவில்லை. 1949இல் இந்திய அரசு யுனெஸ்கோவின் துணையை நாடிற்று. 1951இல் பாரதி பிரெயில் உருவாயிற்று.

இதில் ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்றே. தமிழ்க் ககரமும் இந்திக் ககரமும் வங்கக் ககரமும், பிரெயில் 'கே' என்னும் எழுத்துக்கு வகுத்த அதே இரு புள்ளிகள். 'கொ' என எழுத நாம் இருபுறமும் குறியிடுகிறோம். அங்கு ககரம் முன்னும் ஒகரம் பின்னுமாக ஒலித்த வரிசையிலேயே நிற்கும். வலமிருந்து இடமாக எழுதும் உருதுவும் புள்ளியில் இடமிருந்து வலமாகவே செல்கிறது.

நாகபுரிக்குக் குடிபெயரும் பார்வையற்ற தமிழ்ச் சிறுவன் மராத்திச் சொற்களையும், நம்மிடம் இல்லாத வர்க்க எழுத்துகளையும் மட்டும் புதிதாகக் கற்றால் போதும். உடன் பயிலும் தோழன் தமிழ் படிக்க விரும்பினால், அவன் கற்க வேண்டியவற்றுள் நம் ழகரமும் ஒன்று.