பெட்டியும் பட்டியலும்

போதைப் பொருள்களைத் தரம் பிரித்தவர் யார்? மருத்துவரா, மன்றத்தாரா, வாணிகரா? தீமை மிகுந்தவை தடைப் பட்டியலில் இருக்கின்றன, தீமை குறைந்தவை கடைத்தெருவில் இருக்கின்றன, அறிவியல் அப்படிப் பிரித்துவிட்டது என்று கற்றவர்களே கூறக் கேட்கிறோம். அபினியின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர் அப்படிக் கூறத் துணியார்.

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபினி. வலி தீர்க்கும் மருந்தென்று நெடுங்காலமாக மக்கள் அறிந்திருந்த பொருள். 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ், வங்காளத்து அபினி வாணிகத்தைக் கும்பினியின் ஏகபோகமாக்கினார். பீகாரிலும் காசி வட்டாரத்திலும் உழவனுக்கு முன்பணம் தரப்பட்டது. விலையைக் கும்பினியே வகுத்தது. விளைந்ததில் ஒரு சேரை உழவன் வேறொருவருக்கு விற்றால் அவன் குற்றவாளி. ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் கல்கத்தாவில் ஏலம் விட்ட கும்பினியாரோ கனவான்கள்! பொருள் ஒன்றே, விற்கும் கைதான் வேறு.

ஏலத்தில் போன பெட்டிகள் சீனத்துக்குச் சென்றன. அங்கே 1729-லேயே யுங்-செங் பேரரசர், புகைப்பதற்காக அபினி விற்பதைத் தடை செய்திருந்தார். இங்கிலாந்துக்குத் தேயிலை வேண்டும். தேயிலைக்குச் சீனம் வெள்ளி கேட்டது. வெள்ளியைத் தர மனமில்லாத கும்பினி அபினியை அனுப்பியது. தன் கப்பலில் அன்று. அதில்தான் இருக்கிறது சாமர்த்தியம். ஏலம் எடுத்த தனி வணிகர் கடத்திச் செல்வர். கும்பினியின் கையில் கறை படாது, கல்லாப்பெட்டி மட்டும் நிறையும். பெட்டிக்கு 40 உருண்டை, ஏறத்தாழ 60 கிலோ. நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 4,000 பெட்டி அளவில் இருந்த கடத்தல், 1830-களின் இறுதியில் 40,000-ஐ நெருங்கியது.

1839-இல் லின் சே-சூ என்னும் ஆணையர் காண்டன் நகருக்கு வந்தார். 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறித்து, ஹூமெனில் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் இட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். (கடலை மாசுபடுத்துவதற்காகக் கடல் தெய்வத்திடம் முன்கூட்டியே மன்னிப்பு வேண்டினாராம்! கப்பல் கப்பலாக நஞ்சு வந்தபோது அந்தத் தெய்வம் என்ன செய்துகொண்டிருந்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை.) விக்டோரியா அரசிக்கு ஒரு மடலும் தீட்டினார். உம் நாட்டில் தடுக்கப்பட்ட பொருளை எம் நாட்டுக்கு அனுப்பலாமா என்பது அதன் சாரம். நல்ல மனிதர், ஒன்றை அறியார். இங்கிலாந்தில் அன்று அபினிக்குத் தடையே இல்லை! மளிகைக் கடையில் கிடைத்தது. அழும் குழந்தைக்கு அபினி கலந்த பாகு ஊட்டி உறங்க வைத்தனர். அதன் விற்பனையைச் சட்டம் கட்டுப்படுத்தியது 1868-இல்தான்.

போர் மூண்டது. 1840 ஏப்ரலில் காமன்ஸ் சபையில் அரசின் மீது கண்டனத் தீர்மானம் வந்தது. கிளாட்ஸ்டன் போரைக் கடிந்து முழங்கினார். கண்டித்தவர் 262 பேர். அரசைக் காத்தவர் 271 பேர். ஒன்பதே வாக்கு! 1842-இல் நான்கிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங் பறிபோயிற்று. கரைத்த அபினிக்கு ஈடாக மட்டும் 60 லட்சம் வெள்ளி டாலரைச் சீனம் அழுதது. இரண்டாம் போரின் நடுவே, 1858-இல், அபினி சுங்கவரி செலுத்தும் சரக்காயிற்று. நேற்றுவரை கள்ளச் சரக்கு, இன்று நல்ல சரக்கு! அபினி மாறிற்றா? அதன் மயக்கம் குறைந்ததா? பீரங்கி பேசிற்று, பெயர் மாறிற்று.

பின்னாளில் பெட்டியின் இடத்தைப் பட்டியல் பிடித்தது. 1961-இல் ஐ.நா. உடன்படிக்கை போதைப் பொருள்களை நான்கு பட்டியல்களில் அடக்கியது. மதுவும் புகையிலையும் அவற்றில் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, புகையிலை ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்கிறது. ஹெராயினுடன் கடும் பட்டியலில் நின்ற கஞ்சா, 2020 டிசம்பரில் அதிலிருந்து நீங்கியது; ஆதரவு 27, எதிர்ப்பு 25. இங்கும் வாக்கெண்ணிக்கைதான்! நம் நாட்டு 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கஞ்சாச் செடியின் பூங்கொத்து குற்றம். தனித்த இலை குற்றமன்று. ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் பாங்கு வேண்டுமே! வடநாட்டைப் பார்த்து நகைக்குமுன் நாமும் சற்று நிதானிக்க வேண்டும்: 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை நம் மாநில அரசின் நிறுவனத்திடம் இருக்கிறது. வருவாய் என்று வந்துவிட்டால் கும்பினியின் கல்லாப்பெட்டி எல்லோருக்கும் பிடித்துவிடுகிறது.

கும்பினி 1820-இல் காஜிப்பூரில் தொடங்கிய அபினித் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது, இந்திய நடுவண் அரசின் கையில். உரிமம் பெற்ற உழவரின் விளைச்சல், மார்பீன், கோடீன் முதலிய மருந்துகளுக்குப் பயன்படுகிறது. புற்றுநோயாளியின் கொடிய வலிக்கு மார்பீன் வேண்டும். ஆனால் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால், ஒரு மருத்துவமனை அதை வாங்கப் பல அலுவலகங்களில் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. ஒன்று கிடைப்பதற்குள் மற்றொன்று காலாவதியாகும். கசகசா விளையும் நாட்டிலேயே நோயாளிகள் வலியில் துடித்து மாண்டனர். ஒற்றை உரிமம் போதும் என்று அந்தச் சட்டத்தைத் திருத்தியது 2014-இல்.