சிறு வாகன மோதல்களில் சேத மதிப்பீடு: இந்திய வரலாறு

சாலையில் இரண்டு வாகனங்கள் இலேசாக உரசிக்கொள்கின்றன, அல்லது ஒன்று மற்றொன்றின் பின்பக்கத்தில் இடித்துவிடுகிறது. யாருக்கும் காயம் இல்லை. அப்போது ஓட்டுநர்கள் இருவரும் காவல் நிலையத்துக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ போகாமல், ஒரு தொகைக்கு உடன்பட்டுக் கலைந்து செல்வது இந்தியாவில் பரவலான வழக்கம். இதைப் 'பேசி முடித்துக்கொள்வது' என்பார்கள். சட்டமும் காப்பீடும் சிறு சேதங்களை எவ்வாறு நடத்தின என்பதே இவ்வழக்கம் வேரூன்றியதற்கான முக்கியக் காரணம். பழுது நீக்கும் செலவை மதிப்பிடும் முறை எப்படி உருவானது என்பதையும் அந்த வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

தொடக்கக் காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சாலைகளில் மோட்டார் வாகனங்கள் மிகக் குறைவு. அவற்றை ஒழுங்குபடுத்த 1914 இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டது. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம், ஓட்டும் முறை ஆகியவையே அதன் முதன்மையான அக்கறைகள். காப்பீடு கட்டாயமாக இருக்கவில்லை. ஒருவரின் வாகனம் மற்றொருவரின் வாகனத்தைச் சேதப்படுத்தினால், இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவதே சட்டம் காட்டிய வழி. ஒரு மட்கார்டு நசுங்கியதற்காக வழக்குத் தொடுப்பவர்கள் அரிது. ஆகவே சிறு சேதங்கள் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் உரியவர்களின் பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டன.

பிரிட்டனில் 1930 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதே வழியில் இந்தியாவில் 1939 இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. எனினும் அதில் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

முதலில் உயிர், பின்னர் பொருள்

1946 இல் கட்டாயமான காப்பீடு மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் மட்டுமே உரியது. இடித்த வாகனத்தால் மற்றவரின் வண்டிக்கு ஏற்பட்ட சேதம் அதில் அடங்கவில்லை. 1956 ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் அமைக்க வழிசெய்தது. அவையும் முதலில் மரணம், காயம் தொடர்பான கோரிக்கைகளையே விசாரித்தன.

பொருட்சேதம் கட்டாயக் காப்பீட்டுக்குள் வந்தது 1969 ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். அதற்கான வரம்பு 2,000 ரூபாய். தீர்ப்பாயங்களுக்கும் பொருட்சேதக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரம் கிடைத்தது. 1982 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பை 6,000 ரூபாயாக உயர்த்தியது. 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதே 6,000 ரூபாயை வைத்துக்கொண்டது. 2002 ஆம் ஆண்டின் அகில இந்திய மோட்டார் கட்டண விதியில்தான் காப்பீட்டுப் பத்திரத்தின் பொருட்சேத வரம்பு கார்களுக்கு 7.5 லட்சம் ரூபாயாகவும், இருசக்கர வாகனங்களுக்கு ஒரு லட்சம் ரூபாயாகவும் விரிந்தது.

வரம்பு உயர்ந்தாலும் வழி எளிதாகவில்லை. இடித்தவரின் காப்பீட்டிலிருந்து வண்டிச் சேதத்துக்குப் பணம் பெறத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். சில ஆயிரம் ரூபாய்ச் சேதத்துக்கு வழக்கறிஞர் கட்டணமும் அலைச்சலும் கட்டுப்படியாகாது. உயிரிழப்புக்கும் பெருங்காயத்துக்கும் பாதுகாப்புத் தந்த அதே சட்டம், நசுங்கிய கதவை நடைமுறையில் சாலையோரப் பேச்சுக்கே விட்டுவிட்டது.

சர்வேயர் வருகை

சேதத்தைப் பாரபட்சமின்றி அளக்க ஒரு தனித் தொழில் இருக்கிறது. காப்பீட்டு வழக்கில் அவரைச் சர்வேயர் என்பர். 1938 ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தில் 1968 இல் செய்யப்பட்ட திருத்தம் சர்வேயர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆன இழப்புக் கோரிக்கைகளை, உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை இன்றி ஏற்கக் கூடாது என்றும் விதித்தது. 2015 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தத் தொகையை ஒழுங்குமுறை ஆணையமே விதிகளால் நிர்ணயிக்கிறது.

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தை 1971 இல் அரசு ஏற்றது. 1973 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள் இயங்கின. சேதமடைந்த வண்டியைப் பட்டறையில் நிறுத்தி, எஸ்டிமேட் வாங்கி, சர்வேயர் பார்த்து, எந்தப் பாகத்தை மாற்றலாம், எதைத் தட்டிச் சரிசெய்யலாம் என்று குறித்துக் கொடுக்கும் முறை இந்த அமைப்பில் நிலைபெற்றது. ஆனால் காப்பீட்டை நாடாமல் தாங்களே முடித்துக்கொள்பவர்களுக்குச் சர்வேயர் இல்லை. அவர்கள் நம்பியது பட்டறைக்காரரின் கண்ணையும் சொல்லையும்தான்.

பட்டறையின் கணக்கு

பட்டறை எஸ்டிமேட் மூன்று பகுதிகளைக் கொண்டது: பாகங்களின் விலை, கூலி, பெயின்ட். இந்த மூன்றின் விகிதம் காலத்தோடு மாறியது. தகரம் கனமாகவும் உழைப்பு மலிவாகவும் இருந்த நாட்களில், நசுங்கிய மட்கார்டைக் கழற்றி, உள்ளிருந்து தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் தெளிப்பார்கள். இதையே டிங்கரிங் என்பர். அம்பாசடர் போன்ற கார்களின் உலோக பம்பரைப் பெரும்பாலும் நிமிர்த்திவிட முடியும். செலவில் பெரும்பங்கு கூலியே.

1983 டிசம்பரில் மாருதி 800 அறிமுகமானது. அதன் பின் வந்த பத்தாண்டுகளில் மெல்லிய தகடும் பிளாஸ்டிக் பம்பரும் கொண்ட கார்கள் பெருகின. உடைந்த பிளாஸ்டிக் பம்பரையோ, கண்ணாடியும் பல்பும் ஒன்றாய் அமைந்த ஹெட்லைட்டையோ தட்டி நிமிர்த்த முடியாது; பெரும்பாலும் மாற்ற வேண்டியதுதான். செலவின் எடை கூலியிலிருந்து பாகங்களுக்கு நகர்ந்தது. புதுப் பாகம் வாங்க முடியாதவர்களுக்குப் பழைய பாகங்களின் சந்தை உதவியது. சென்னையில் புதுப்பேட்டை அதற்குப் பெயர்பெற்ற இடம். ஒரே சேதத்துக்கு நிறுவனப் பட்டறை ஒரு தொகையும், தெருமுனைப் பட்டறை அதில் பாதியும் சொல்ல முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். முதலாவது புதுப் பாகத்தைக் கணக்கிடுகிறது. இரண்டாவது பழைய பாகத்தையோ ஒட்டுவேலையையோ கணக்கிடுகிறது. இரண்டும் பொய்யல்ல, இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

பெயின்ட் தனிக் கணக்கு. கூலி பொதுவாகப் பேனல் அளவில் பேசப்படுகிறது. ஒரு கதவில் விழுந்த விரல் நீளக் கீறலுக்கும் கதவு முழுவதையும் பெயின்ட் செய்ய நேரலாம். வெயிலில் மங்கிய பழைய நிறத்தோடு புதிய நிறம் பொருந்தாவிட்டால் பக்கத்துப் பேனலிலும் கொஞ்சம் தெளிக்க வேண்டியிருக்கும்.

சாலையோரப் பேச்சில் அடிக்கடி தவறுவது மறைந்த சேதம். பம்பர் மேலே முழுதாகத் தெரிந்தாலும் அதன் பின்னுள்ள தாங்கி வளைந்திருக்கலாம், ரேடியேட்டர் கசியலாம், டிக்கி சரியாக மூடாமல் போகலாம். அண்மைக் கார்களில் பம்பருக்குள் சென்சார்களும் உண்டு. பம்பரைக் கழற்றிப் பார்க்கும்வரை எந்த எஸ்டிமேட்டும் தற்காலிகமானதே.

தேய்மானமும் போனஸும்

2002 கட்டண விதி, காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு வெளிப்படையான அட்டவணை ஒன்றைத் தந்தது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 விழுக்காடு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. மற்றப் பாகங்களுக்கு வண்டியின் வயதே அளவு: ஆறு மாதம் வரை கழிவு இல்லை, மூன்று முதல் நான்கு ஆண்டு வரை 25 விழுக்காடு, பத்து ஆண்டுக்கு மேல் 50 விழுக்காடு. பெயின்ட் பொருளுக்கு 50 விழுக்காடு கழிக்கப்படும். பெயின்ட் பில் மொத்தமாக இருந்தால் அதில் கால் பங்கு பொருள் விலையாகக் கொள்ளப்படும்.

இதே விதியில் 'நோ கிளெய்ம் போனஸ்' அளவும் உண்டு. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு ஏற்பச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று தள்ளுபடி ஏறும். ஒருமுறை கோரினால் அடுத்த ஆண்டு தள்ளுபடி சுழியாகும், தவறு மற்றவருடையதாக இருந்தாலும்.

ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும். கீழுள்ள விலைகள் கணக்குக்காகக் கொள்ளப்பட்டவை, வரி சேர்க்கப்படவில்லை. மூன்று ஆண்டு முடிந்து நான்காம் ஆண்டில் ஓடும் ஒரு சிறு காரை மற்றொரு வண்டி இடிக்கிறது. பிளாஸ்டிக் பம்பர் 6,000, உலோக ஃபெண்டர் 4,000, கூலி 2,500, பெயின்ட் 8,000. மொத்தம் 20,500 ரூபாய். காப்பீட்டில் பம்பருக்கு 3,000, ஃபெண்டருக்கு 3,000, கூலிக்கு 2,500, பெயின்ட்டுக்கு 7,000, ஆக 15,500. கார் 1,500 சி.சி.க்கு உட்பட்டதானால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு வருவது 14,500. மீதி 6,000 உரிமையாளர் பொறுப்பு.

அத்துடன் போனஸும் போகிறது. 35 விழுக்காடு பெற்றுவந்தவருக்கு அடுத்து 45, பின்னர் 50 என்று கிடைத்திருக்கும். கோரியதால் அது 0, 20, 25, 35, 45 என்று தொடங்கும். ஐந்து ஆண்டுகளின் வேறுபாடு முறையே 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120 விழுக்காடு. தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்றும் அது மாறவில்லை என்றும் வைத்துக்கொண்டால், இழப்பு 12,000 ரூபாய். வண்டியின் மதிப்புக் குறையும்போது பிரீமியமும் குறைவதால் உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். 14,500 ரூபாய் பெறுவதற்காகப் 12,000 ரூபாய் விட்டுக்கொடுப்பதில் மிஞ்சுவது 2,500 மட்டுமே. தவறு செய்யாதவரும் காப்பீட்டை நாடத் தயங்குவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

2007 ஜனவரியிலிருந்து சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றானது. பின்னர் தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு பரவியது. அது உரிமையாளரின் பங்கைக் குறைத்தது.

பேசி முடிப்பதன் சட்டநிலை

1988 சட்டத்தின் 134 ஆம் பிரிவின்படி, பிறருக்குக் காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால், காவலர் அங்கு இல்லாதபோது ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் சிறு உரசல்களில் இது பெரும்பாலும் பின்பற்றப்படுவதில்லை. காவல் துறை அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு வழக்குப் பதிந்துவிட்டால், இருவர் சமரசமாவதால் மட்டும் அது முடியாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279 ஆம் பிரிவு சமரசத்துக்கு உரிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 ஆம் பிரிவு உள்ளது.

வழக்கமான காப்பீட்டுப் பத்திரத்தில் மற்றொரு நிபந்தனையும் உண்டு. நிறுவனத்தின் எழுத்துவழி ஒப்புதலின்றிக் காப்பீட்டாளர் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, பணம் தரவோ கூடாது. எனவே சாலையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் சேதம் பெரிதென்று தெரிந்து காப்பீட்டை நாடுபவர் சிக்கலுக்கு உள்ளாகலாம். பணம் வாங்கிக்கொண்டு 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தவரின் நிலையும் அதுவே.

பேசி முடித்த உடன்பாடு ஓர் ஒப்பந்தம் என்ற வகையில் 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கு உட்பட்டது. மிரட்டிப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. அப்படிப்பட்ட உடன்பாட்டை மிரட்டலுக்கு உள்ளானவர் இரத்து செய்யலாம். கூட்டம் கூடிச் சத்தமிட்டு ஒருவரிடம் பணம் பறிப்பதைச் சமரசம் என்று சொல்ல முடியாது.

நியாயமான மதிப்பீடு

இழப்பீட்டின் அடிப்படை நெறி, சேதமடைந்தவரை மோதலுக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவருவது. அதைவிடக் குறைவும் கூடாது, மிகுதியும் கூடாது. பத்தாண்டு ஓடிய பம்பருக்குப் புதிய பம்பரின் முழு விலையைக் கேட்கலாமா என்ற சண்டை இங்கிருந்துதான் எழுகிறது. பழைய பாகம் நல்ல நிலையில் கிடைக்குமானால் அதன் விலை நியாயமான அளவு. கிடைக்காதபோது, உடைத்தவரே புதியதன் விலையில் பெரும்பங்கை ஏற்பது முறை. காப்பீட்டுத் தேய்மான அட்டவணை அதற்கு ஒரு வழிகாட்டியாகலாம்.

சாலையிலேயே தொகையைச் சொல்லி முடிப்பதைவிட, சேதத்தைப் படமெடுத்து, பதிவெண்ணும் தொலைபேசி எண்ணும் பரிமாறிக்கொண்டு, பட்டறையில் பாகங்களைக் கழற்றிப் பார்த்தபின் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குவதே பாதுகாப்பானது. அதில் பாகம், கூலி, பெயின்ட், வரி தனித்தனியாக இருக்க வேண்டும். பாகம் புதியதா பழையதா என்றும் குறித்திருக்க வேண்டும். தொகை பெரிதாகத் தோன்றினால் வேறொரு பட்டறையிலும் கேட்கலாம். பணம் கைமாறும்போது எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று இருவரும் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று போதும்.

எழுத்தில் கணக்கு இல்லாத இடத்தில் தொகையை முடிவுசெய்வது சேதமாக இருப்பதில்லை. குரல் உயர்ந்தவரும், வண்டி பெரியவரும், உடன் ஆள் இருப்பவரும் அதை முடிவுசெய்கிறார்கள். அன்றாடக் கூலியில் ஆட்டோ ஓட்டுபவர் தன் தவறு இல்லாதபோதும் பணம் கொடுத்துவிட்டுப் போக நேர்வதும், தவறே செய்யாத இருசக்கர வாகனக்காரர் உடைந்த விளக்கைத் தன் செலவில் மாற்றிக்கொள்வதும் அப்படித்தான் நிகழ்கின்றன.