வயலும் தோட்டமும்: செபராங் பிறையில் கிராமப்புற மேம்பாட்டு மானியங்களின் பங்கீடு

வேளாண்மைக்கும் கிராமப்புற மேம்பாட்டுக்கும் அரசு வழங்கிய நிதி எவ்வாறு பங்கிடப்பட்டது என்னும் ஆய்வு பெரும்பாலும் மாநிலங்களை ஒப்பிடுவதோடு நின்றுவிடுகின்றது. பினாங்கு மாநிலத்தைப் பொறுத்தவரை அவ்வொப்பீடு முழு உண்மையையும் காட்டாது. ஏற்றத்தாழ்வு மாநிலத்துக்குள்ளேயே, நெல்வயலுக்கும் தோட்டத்துக்கும் இடையே நிலவியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

செபராங் பிறை 1800ஆம் ஆண்டில் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் வசம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்குக் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பின் இடத்தை ரப்பர் பிடித்தது. கெடாவின் எல்லையாக ஓடும் மூடா ஆற்றையொட்டிய வடபகுதியிலோ மலாய்க் குடியானவர்களின் நெல் வேளாண்மை தொடர்ந்தது. இவ்வாறு ஒரே நிலப்பரப்பில் இருவேறு வேளாண் சமூகங்கள் அருகருகே வாழ்ந்தன.

1932இல் வடிகால், நீர்ப்பாசன இலாகா தோற்றுவிக்கப்பட்டது. 1950இல் டத்தோ ஓன் ஜாபாரின் தலைமையில் கிராமப்புறத் தொழில் மேம்பாட்டு ஆணையம் உருவாயிற்று. விடுதலைக்குப் பின் துன் அப்துல் ரசாக்கின் பொறுப்பில் கிராமப்புற மேம்பாட்டு அமைச்சு அமைந்தது. மாவட்டந்தோறும் தொகுக்கப்பட்ட 'சிவப்புப் புத்தகம்' சாலை, குடிநீர், பாசனம் முதலிய தேவைகளைப் பதிவு செய்தது. இம்முயற்சிகளால் கிராமங்கள் பெற்ற பயன் மறுக்கவியலாதது. ஆயின், தோட்டம் கிராமமாகக் கருதப்படவில்லை. அது தனியார் உடைமை. அங்குள்ள வீடும் நீரும் மருத்துவமும் முதலாளியின் கடமை எனக் கொள்ளப்பட்டது.

இப்புறக்கணிப்புக்கு மற்றுமொரு காரணமும் உண்டு. பாசனமாயினும் உரமாயினும் மறுநடவாயினும், உதவி நிலத்தைப் பற்றியே சென்றது. 1952இல் சட்டமாக்கப்பட்ட ரப்பர் மறுநடவு நிதி இதற்குத் தக்க சான்று. ஏற்றுமதியாகும் ரப்பர்மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து பெருந்தோட்டங்களுக்கு ஒரு நிதியும் சிறுநில உடைமையாளர்க்கு மற்றொரு நிதியும் வகுக்கப்பட்டன. பால்மரம் சீவிய தொழிலாளி நிலமற்ற கூலியாள் ஆதலின், இவ்விரண்டிலும் அவனுக்குப் பங்கில்லை.

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது இந்நிலையின் கொடுமை வெளிப்பட்டது. நிலம் கைமாறியதும் வேலையும் குடியிருப்பும் ஒருசேரப் பறிபோயின. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கிற்று. பிறர் மானியமாகப் பெற்ற நிலவுரிமையைத் தோட்டத் தமிழர் தம் சேமிப்பால் பெற முயன்றனர் என்பது இவ்வரலாற்றின் தனித்தன்மையாகும்.

மூன்றாம் மலேசியத் திட்டக் காலத்தில் (1976-1980) தோட்டத் தொழிலாளரும் வறியோருள் ஒரு பிரிவினராகக் கணக்கிடப்பட்டனர். எனினும் கணக்கில் இடம்பெறுவது வேறு. நிதியில் இடம்பெறுவது வேறு. தனியார் நிலத்தில் அமைந்த தமிழ்ப்பள்ளிகள் பல, பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. பின்னாளில் செபராங் பிறையின் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தோரிடம் காட்டுவதற்கு நிலப்பட்டா இல்லை.

ஆகவே, மானியப் பங்கீட்டை ஆராய்வோர் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று கேட்பதோடு அமையாது, கிராமம் என்பதற்கு யார் எவ்வாறு எல்லை வகுத்தனர் என்றும் வினவுதல் வேண்டும். செபராங் பிறையில் அவ்வெல்லையே பயன்பெற்றோரையும் விடுபட்டோரையும் பிரித்தது.