பிறந்த நிலைக்குத் திரும்பும் கணிப்பொறி

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவர் ஒருவர் பழைய லேப்டாப் ஒன்றை விலைக்கு வாங்கினார். விற்றவர், "தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கே கொண்டுவந்து விட்டேன், உள்ளே ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் கொடுத்தாராம். இரண்டு நாள் கழித்து அம்மாணவர் வாடிய முகத்துடன் ஆய்வகத்திற்கு வந்தார். அழிந்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள் ஒன்றை விளையாட்டாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். யாரோ ஒரு குடும்பத்தின் மதிப்பெண் பட்டியல்கள், நிலப் பத்திரத்தின் நகல், ஒரு மூதாட்டியின் படங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்துவிட்டன. "சார், ஒன்றுமே இல்லை என்றாரே, இது எப்படி?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. விடை காண வேண்டுமானால், முதலில் வேறொன்றைக் கேட்க வேண்டும். ஒரு கணிப்பொறி தன் பிறந்த நிலையை எங்கே பத்திரமாக வைத்திருக்கிறது? இக்கேள்விக்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைச் சற்று பார்ப்போமா?

பெட்டிக்குள் பூட்டிய சாவி

அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டு மக்களுக்கு அறிமுகமான எனியாக் என்னும் மாபெரும் கணிப்பொறிக்குத் திரும்பிச் செல்லப் பிறந்த நிலை என்று ஒன்று இல்லை. அதன் கம்பி இணைப்புகளும் விசைகளுமே அதன் நிரல். கணக்கை மாற்ற வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் செருக வேண்டும். இதற்குச் சில சமயம் நாள்கணக்கில் ஆகும்.

1948 ஜூன் 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், தன் நினைவகத்திலேயே நிரலை வைத்துக்கொண்டு ஒரு சிறிய கணிப்பொறி இயங்கியது. எதிர்மின்கதிர்க் குழாயின் முகப்பில் மின்னூட்டப் புள்ளிகளாக நிரல் எழுதப்பட்டிருந்தது. ஆனால் மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் மறைந்துவிடும். மறுபடி இயக்கும்போது கணிப்பொறி ஒன்றும் அறியாத குழந்தை. நாடாவிலிருந்து ஒரு நிரலைப் படிக்கச் சொல்லலாம் என்றால், படிப்பதற்கே ஒரு நிரல் வேண்டுமே! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்ற சிக்கல் இது.

இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தவர்களுள் ஒருவர் டேவிட் வீலர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே 6 அன்று முதன்முதலாக இயங்கிய எட்சாக் கணிப்பொறிக்கு அவர் "தொடக்க ஆணைகள்" என்ற சிறு நிரலை எழுதினார். அதன் முதல் வடிவத்தில் 31 ஆணைகளே இருந்தன. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் விசைகளில் அவை கம்பி இணைப்புகளாக நிரந்தரமாகப் பதிக்கப்பட்டன. தொடக்கப் பொத்தானை அழுத்தினால் அவை நினைவகத்தில் சென்று அமரும். பிறகு காகித நாடாவிலிருந்து மற்ற நிரல்களைப் படிக்கத் தொடங்கும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மாணவர் ஒருவர் தவறான நிரலைக் கொடுத்து நினைவகம் முழுவதையும் குழப்பிவிட்டாலும், சுழல் விசைகளில் உள்ள கம்பிகளை அந்த நிரல் தொட முடியாது. பொத்தானை மீண்டும் அழுத்தினால் போதும். மாறும் பொருளுக்குள் மாறாத ஒரு மூலை வேண்டும் என்பதே பிறந்த நிலைக்குத் திரும்புவதன் முதல் விதி.

மாறாத மூலை சில்லுக்குள் புகுந்தது

1975இல் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணிப்பொறியின் அடிப்படை வடிவத்தில் இந்த மூலை இல்லை. ஒவ்வொரு முறையும் முகப்பில் உள்ள விசைகளை மேலும் கீழும் தள்ளித் தொடக்க ஆணைகளைக் கையாலேயே ஊட்ட வேண்டும். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியிலோ, படிக்க மட்டுமே இயலும் 'ரோம்' நினைவகச் சில்லுகளில் மொத்தம் 40 கிலோபைட் அளவுக்கு நிரல்கள் பதிந்திருந்தன. தகடு எதையும் செருகாமல் இயக்கினாலும் பேசிக் மொழி திரையில் வந்து நிற்கும். வீலரின் சுழல் விசைகள் இப்போது நகத்தளவு சிலிக்கானுக்குள் புகுந்துவிட்டன எனலாம்.

மடியில் வைத்துப் பயன்படுத்தும் கணிப்பொறிகளும் இக்காலத்தில்தான் வந்தன. அவற்றுள் ஒன்று, 1983இல் ரேடியோ ஷாக் நிறுவனம் விற்ற மாடல் 100. நான்கு பென்சில் பேட்டரிகளில் இயங்கும். செய்தியாளர்கள் இதை விரும்பி வாங்கினர். நிரல்கள் 32 கிலோபைட் ரோமில் இருந்தன. பயன்படுத்துவோர் எழுதும் கட்டுரைகள், மின்கலத்தின் துணையால் அழியாமல் நிற்கும் தனி நினைவகத்தில் இருந்தன. குறிப்பிட்ட இரண்டு விசைகளை அழுத்திக்கொண்டே பின்புறப் பொத்தானையும் அழுத்தினால் கணிப்பொறி பிறந்த நிலைக்குத் திரும்பும். கட்டுரைகள் யாவும் அக்கணமே போய்விடும். திரும்புவதும் மறப்பதும் இங்கே ஒரே செயலாக இருந்தன என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நிலைவட்டு கொண்டுவந்த மாற்றம்

ஹார்டு டிஸ்க் எனப்படும் நிலைவட்டு மடிக் கணிப்பொறிக்குள் வந்ததும் நிலைமை மாறியது. இயக்க மென்பொருள் பெருத்துக்கொண்டே போனதால் ரோமில் அடங்கவில்லை. அதுவும் வட்டுக்குக் குடிபெயர்ந்தது. நம் கடிதங்களும் படங்களும் அதே வட்டில்தான். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே அறையில் வாழ்வது போலாயிற்று! எனவே உற்பத்தியாளர்கள் மூல மென்பொருளின் நகலை முதலில் தகடுகளிலும் பிறகு குறுந்தகடுகளிலும் கொடுத்தனர். நாளடைவில் அதையும் விட்டு, நிலைவட்டின் ஒரு பகுதியை மறைத்து அதற்குள் நகலை வைத்தனர். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8, இத்திரும்புதலைச் சில தேர்வுகளில் முடியும் செயலாக்கியது.

வசதிதான். ஆனால் மாறாத மூலை மாறும் வட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வட்டு பழுதானால் மூலமும் போகும். ரோமின் இடத்தில், மாற்றி எழுதக்கூடிய ஃபிளாஷ் சில்லுகள் வந்ததன் விளைவையும் உலகம் கண்டது. 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்னும் நச்சு நிரல் பல கணிப்பொறிகளின் தொடக்க நிரலையே கிறுக்கி அழித்தது. அவற்றிற்குத் திரும்பிச் செல்லப் பிறந்த நிலையே இல்லாது போயிற்று.

திரும்புவது வேறு, மறப்பது வேறு

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். ஊர் நூலகத்தை எண்ணிப் பாருங்கள். அட்டவணைப் பெட்டியிலிருந்து ஒரு நூலின் அட்டையைக் கிழித்துவிட்டால், அந்நூல் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் அலமாரியில் அது அப்படியே இருக்கும். அந்த இடத்தில் புதிய நூல் வந்து அமரும்வரை இருக்கும். விரைவாகச் செய்யப்படும் திரும்புதல் அட்டைகளைக் கிழித்து, சில அலமாரிகளில் மட்டும் மூல மென்பொருளை அடுக்குகிறது. ஏனைய அலமாரிகளை அது தொடுவதில்லை.

இது அரிய நிகழ்ச்சியன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கார்ஃபிங்கெல், ஷேலட் என்ற ஆய்வாளர்கள் 158 பழைய நிலைவட்டுகளை விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். இயங்கும் நிலையில் இருந்தவை 129. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே! பணம் வழங்கும் இயந்திரம் ஒன்றில் இருந்த வட்டும் அவர்கள் கைக்கு வந்திருந்தது.

மறப்பது ஏன் இவ்வளவு கடினம்? இயற்பியல் இதற்கு ஆழமான ஒரு விடை தருகிறது. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ரால்ஃப் லேண்டவர் 1961இல், ஒரு பிட் செய்தியை அழிக்க வேண்டுமானால் குறைந்தது இவ்வளவு வெப்பம் வெளியேறியே தீர வேண்டும் என்று காட்டினார். அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 3 × 10⁻²¹ ஜூல். 2012இல் ஒரு நுண்துகளைக் கொண்டு நடத்திய சோதனை இக்கருத்தை உறுதி செய்தது. நம் கணிப்பொறிகள் செலவழிப்பது இதைவிடப் பன்மடங்கு அதிகம். எனினும், மறதி இலவசமன்று என்பது இயற்கையின் சட்டம்.

காலத்திலும் அதற்கு விலை உண்டு. நொடிக்கு 100 மெகாபைட் வீதம் மேலெழுதினால், 500 கிகாபைட் வட்டு ஒன்றை முழுவதும் துடைக்க 5,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 83 நிமிடங்கள் ஆகும். இத்தகைய வட்டு சில நிமிடங்களில் துடைக்கப்பட்டுவிட்டது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இன்றைய ஃபிளாஷ் வட்டுகளில் கதை வேறு. அவை எழுதும் இடத்தைத் தாமே மாற்றிக்கொண்டிருப்பதால் மேலெழுதுவது மட்டும் உறுதி தராது. எனவே, செய்திகளைத் தொடக்கத்திலிருந்தே மறையீடாக எழுதி, இறுதியில் அதன் சாவியை மட்டும் அழிக்கும் முறை கையாளப்படுகிறது.

உங்கள் கணிப்பொறியை யாருக்கேனும் கொடுக்குமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டியவற்றை வேறிடத்தில் நகலெடுங்கள். மூல மென்பொருளைத் தனியே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். வட்டை முழுவதும் துடைக்கும் தேர்வு எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள்.

அன்று ஆய்வகத்தில் நாங்களும் அவ்வாறே செய்தோம். மாணவரின் லேப்டாப்பில் இருந்தது சுழலும் பழைய வகை 500 கிகாபைட் வட்டு. மறைவுப் பகுதியும் அதே வட்டில் இருந்ததால் மூலத்தை முதலில் பென் டிரைவில் எடுத்தோம். பிறகு துடைக்கத் தொடங்கினோம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். மாணவர் மறுபடியும் அந்த மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். ஒரு கோப்பும் எழவில்லை. முகம் தெரியாத அக்குடும்பத்திற்கு நாங்கள் செய்யக்கூடிய உதவி அதுவாகத்தான் இருந்தது.